வாயிற்காவலின் தத்துவம்: ஜனிஸ் றேமண்டின் நூல் பற்றி ஒரு மதிப்பீடு

2025ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 16ஆந் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர் ஐவரும் ஒருமுகமாக ஒரு தீர்ப்பை வழங்கினர். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் வரும் ‘பெண்’ என்னும் சொல் பிறப்பு வழியான உடற்பாலையே குறிக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்த வழக்கைத் தொடுத்தது மதபீடமன்று. பழைமைவாத ஆண்களின் கழகமுமன்று. ஸ்கொத்லாந்தில் 2018ஆம் ஆண்டிலே தோன்றிய ஒரு பெண்கள் அமைப்பே தொடுத்தது. அதே ஸ்கொத்லாந்தில் நெடுங்காலமாகப் பெண்களுக்காகப் பணியாற்றிவந்த வேறு பல ஸ்தாபனங்கள் எதிர்நிலையிலே நின்று, திருநர் உரிமைகளை விரிவாக்கும் சட்டத்தை ஆதரித்தன. ஒரே கொடியின் கீழ் நிற்கவேண்டியவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நீதிமன்றத்து வாயிலிலே சந்தித்த இந்த நிலை திடீரெனத் தோன்றியதன்று. இதற்கு அரை நூற்றாண்டுக்கால வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு நூல் இருக்கிறது.

ஜனிஸ் றேமண்ட் எழுதி, 1979ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரிலே வெளியான அந்நூலின் பெயரைப் ‘பால்மாற்றப் பேரரசு’ எனத் தமிழிற் கூறலாம். பொஸ்ரன் கல்லூரியில், பெண்ணிலைவாத இறையியலாளரான மேரி டேலியின் வழிகாட்டலிலே கலாநிதிப் பட்டத்துக்காக எழுதப்பட்ட ஆய்வே நூலாக விரிந்தது. 1994இல் அது புதிய முன்னுரையோடு மறுபடியும் வெளிவந்தது. ஆசிரியர் தமது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டாரல்லர். 2021இல் அவர் வெளியிட்ட பிறிதொரு நூலும் அதே தடத்திலேயே செல்கிறது. இன்று இரு தரப்பாரும் கையாளும் வாதங்களுள் பெரும்பாலானவை இந்நூலிலிருந்தோ, இந்நூலுக்கு எழுந்த மறுப்புகளிலிருந்தோ பிறந்தவை. ஆகவே இதனை வெறுமனே வசைபாடி ஒதுக்குவதாலும் பயனில்லை. வேதமாகக் கொண்டு போற்றுவதாலும் பயனில்லை. ஒரு நூலை அதன் காலத்திலும் சமூகச் சூழலிலும் வைத்து, அதிலே உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு, அந்தப் பிழை எங்கே வேர்கொண்டது என்று காண்பதே விமரிசனத்தின் தொழிலாகும்.

முதலில் உண்மையைக் கூறுவோம். இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்க வைத்தியத்துறை பெருந்தொழிலாக வளர்ந்தது. 1952இல் கிறிஸ்ரீன் ஜோர்கென்சன் என்ற அமெரிக்கர் டென்மார்க்கிலே பால்மாற்றச் சிகிச்சை பெற்ற செய்தி பத்திரிகைகளின் முதற்பக்கத்தை நிறைத்தது. 1966இல் ஹரி பென்ஜமின் என்னும் வைத்தியர் இது பற்றிய தமது நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை இதற்கெனத் தனிப் பிரிவொன்றைத் திறந்தது. வேறு பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. அங்கே சிகிச்சையை நாடிச் சென்றவர்களை வைத்தியர்கள் எந்த அளவுகோலால் அளந்தனர்? பெண்ணாக வாழ விரும்புகிறவர் பாவாடை உடுத்துவாரா, முகத்துக்குப் பூச்சுப் பூசுவாரா, ஆணொருவனை மணந்து இல்லறம் நடத்துவாரா என்றெல்லாம் பார்த்தே தகுதி வழங்கினர். அஃதாவது, பெண்விடுதலை இயக்கம் எந்தப் பழைய அச்சுகளை உடைத்தெறிய முயன்றுகொண்டிருந்ததோ, அதே அச்சுகளை வைத்தியசாலை வார்த்தெடுத்துக்கொண்டிருந்தது.

இதனைக் கண்டு சொன்ன வகையில் றேமண்ட் செய்த பணி சிறியதன்று. சமூகம் ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்று இரண்டு கூண்டுகளை அமைத்துவைத்திருக்கிறது. ஒரு கூண்டிலே மூச்சுமுட்டும் மனிதனை வைத்தியம் மற்றக் கூண்டுக்கு மாற்றிவிடுகிறது. கூண்டுகளோ அப்படியே இருக்கின்றன. சமூகத்தின் நோயைத் தனிமனிதனின் நோயாக்கிச் சிகிச்சைக்குக் கட்டணமும் அறவிடும் முறை இது என்று அவர் காட்டுகிறார். சமுதாயக் கேடுகளைத் தனிமனிதனுடைய உடலிலும் உள்ளத்திலும் தேடும் போக்கை நாம் எப்போதுமே எதிர்த்துவந்திருக்கிறோம். ஆகவே நூலின் இந்தப் பகுதியோடு நமக்குப் பிணக்கில்லை.

ஆனால் நூல் இங்கே நின்றுவிடவில்லை. வைத்தியரை விசாரணைக்கு அழைத்த ஆசிரியர், சில அத்தியாயங்களுக்குள்ளேயே நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர்கள் பெண்ணினுடைய உடலையும் ஆற்றலையும் கைப்பற்ற வந்தவர்கள் என்றும், அவ்வாறு கைப்பற்றுவது பெண்ணுடல் மீதான வன்முறையே என்றும் அவர் வாதிக்கிறார். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்வோருக்கு நூலிலே கிடைக்கும் இடம் மிகச் சிறிது. அவர்கள் ஒப்புக்கு நிறுத்தப்பட்டவர்கள் என்ற அளவிலே ஒதுக்கப்படுகின்றனர். ஆசிரியர் வகுத்த இலக்கணத்துக்கு இவர்கள் அடங்கவில்லை. இவர்கள் எந்தப் பெண்ணுடைய உடலையும் கவர வந்தவர்களல்லர் அல்லவா? கோட்பாட்டுக்கு அடங்காத மனிதரைக் கோட்பாட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுதல் ஆராய்ச்சியாளர் செய்யத் தகாத செயல்.

நூலின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பேரரசு என்றால் அங்கே சக்கரவர்த்தியும் இருக்கவேண்டும்; குடிகளும் இருக்கவேண்டும். றேமண்ட் தரும் சான்றுகளின்படியே சக்கரவர்த்தி வைத்தியத்துறை; அனுமதிக்காக வாசலிலே காத்துநிற்பவர்கள் குடிகள். அப்படியாயின் அநீதியின் பழி யார்மீது விழவேண்டும்? நூலின் முற்பகுதியைப் படிப்பவர் வைத்தியசாலை நிருவாகத்தின் மீது கோபங்கொள்வார். பிற்பகுதியைப் படித்து முடிப்பவரோ வரிசையில் நிற்கும் மனிதர்மீது கோபங்கொண்டு எழுவார். நூலின் தருக்கம் முறியும் இடம் இதுவே.

இந்த முறிவுக்குக் காரணம் யாது? 1949இல் சீமோன் டி பொவ்வார் பெண்மை என்பது இயற்கை வழங்கிய விதியன்று, சமூகம் உருவாக்கிய நிலை என்ற கருத்தை விரித்துரைத்தார். பின்வந்த பெண்ணிலைவாதம் முழுவதற்கும் அதுவே அத்திவாரம். றேமண்டும் அந்த அத்திவாரத்தின் மீதே தமது கட்டடத்தைத் தொடங்குகிறார். பால்நிலைப் பங்குகள் சமூகத்தின் படைப்பு என்று அவர் ஒப்புக்கொள்ளாத பக்கமில்லை. ஆனால், யார் பெண் என்ற வினா எழுந்தவுடன் அவர் பிறப்பை நோக்கித் திரும்பிவிடுகிறார். அவருக்கு நியாயஞ் செய்யுமுகமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: அவர் உடற்கூற்றை மாத்திரம் பேசுகிறாரல்லர். பெண்ணாகப் பிறந்து, பெண்ணென நடத்தப்பட்டு வளர்ந்த வரலாறே பெண்ணைப் பெண்ணாக்குகிறது. அந்த வரலாற்றைச் சத்திரசிகிச்சை வழங்கமுடியாது என்பதே அவருடைய வாதம்.

இந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சிறுமியாக வளர்ந்த அனுபவத்துக்கு ஒரு கனம் உண்டு. அதை இல்லையென்று சொல்வோர் பெண்களின் வாழ்வை அறியாதவர்கள். ஆயினும் வரலாறே மனிதரை உருவாக்குகிறது என்று கொண்டால், அது ஒரு குறித்த வயதோடு உருவாக்குவதை நிறுத்திவிடும் என்று கொள்வதற்கு நியாயமில்லை. பெண்ணாக வாழத் தொடங்கிய திருநங்கை வேலை தேடும்போதும், வாடகைக்கு வீடு கேட்கும்போதும், இரவிலே தெருவில் நடக்கும்போதும் எதனை அனுபவிக்கிறாரோ அதுவும் வரலாறுதான். மேலும், பெண்களின் வரலாறு ஒன்றேயென்று சொல்வதும் பொருந்தாது. மலைநாட்டுத் தோட்டத்திலே விடியுமுன் எழுந்து கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணும், அத்தோட்டத்துக் கம்பனியின் பங்குலாபத்திலே வாழும் சீமாட்டியும் ஒரே வரலாற்றைப் பெற்றவர்களா? வர்க்கமும் நிறமும் சாதியும் பிளந்துவைத்த அனுபவத்தை ‘பெண்ணனுபவம்’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட்டு, அந்தச் சொல்லைக் கொண்டு வாயிலிலே காவல் நிற்பது கருத்துமுதல்வாதத்தின் பழைய வித்தையாகும். சமூகவியலாய்த் தொடங்கிய நூல் ஈற்றிலே இறையியலாய் முடிகிறது.

கோட்பாட்டின் பிழை நடைமுறையிலே என்ன செய்யும் என்பதற்கு நூலுக்குள்ளேயே உதாரணமுண்டு. ‘சத்திரசிகிச்சையால் ஆன சப்போ’ எனப் பொருள்படும் தலைப்பையுடைய அத்தியாயத்திலே சன்டி ஸ்ரோன் என்ற ஒலிப்பதிவுப் பொறியியலாளர் பெயர் சொல்லித் தாக்கப்படுகிறார். ஒலிவியா இசைத்தட்டு நிறுவனம் 1973இல் வாஷிங்ரன் நகரத்திலே சில பெண்களாற் கூட்டாகத் தொடங்கப்பட்டது. அக்காலத்து இசைத்தட்டுத் தொழிலில் பெண் பாடலாம். ஆனால் ஒலிப்பதிவுக் கருவியின் முன்னே அமரவோ, இலாபத்தைப் பங்கிடவோ அவளுக்கு இடமில்லை. பாடுவதிலிருந்து விற்பனை வரை எல்லாவற்றையும் பெண்களே செய்வது என்ற நோக்கத்தோடு எழுந்த அந்தக் கூட்டு முயற்சிக்கு, தொழில்நுட்பந் தெரிந்த ஒருவர் உணவைப்போல இன்றியமையாதவராயிருந்தார். பெயர்பெற்ற ஒலிப்பதிவுக் கூடங்களிலே தேர்ச்சி பெற்றிருந்த ஸ்ரோன் அக்கூட்டத்திற் சேர்ந்தார். தாம் அறிந்த தொழிலை அங்கிருந்த பெண்களுக்கும் கற்பித்தார். அவர் திருநங்கை என்பது ஒலிவியாப் பெண்களுக்குத் தெரியாத செய்தியன்று.

எழுபதுகளின் நடுப்பகுதியிலே வெளியிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. கண்டனக் கடிதங்கள் அச்சேறின. இசைத்தட்டுகளைப் பகிஷ்கரிக்கப்போவதாக மிரட்டல் வந்தது. ஒலிவியாப் பெண்கள் தம் தோழரை வெளிப்படையாகவே ஆதரித்தனர். ஆயினும் சிறு மூலதனத்தோடு நடந்த நிறுவனம் பகிஷ்காரத்தைத் தாங்காது என்பதைக் கண்டு ஸ்ரோன் தாமே விலகிச் சென்றார். றேமண்டின் நூல் இந்நிகழ்ச்சியை ஆணாதிக்கத்தின் ஊடுருவல் எனச் சித்திரிக்கிறது. நாம் கேட்கும் வினா வேறு: அந்தக் கூட்டுறவிலே நாள்தோறும் உடனுழைத்த பெண்களின் சாட்சியம் எங்கே போயிற்று? உடனுழைத்தவர்கள் தோழர் என்றார்கள். தொலைவிலிருந்து கோட்பாடு வகுத்தவர் பகைவர் என்றார். பெண்களின் அனுபவமே உண்மைக்கு உரைகல் என்று சொல்லும் நூல், தன் முடிவுக்கு ஒத்துவராத பெண்களின் அனுபவத்தைக் கணக்கிலெடுக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு தப்பபிப்பிராயத்தையும் களைதல் வேண்டும். அக்காலத்துத் தீவிரப் பெண்ணிலைவாதிகள் அனைவரும் றேமண்டின் பக்கமே நின்றனர் என்று சிலர் எழுதுகின்றனர். அது வரலாறன்று. தீவிரவாதிகளுள்ளும் தீவிரமானவரெனப் பேசப்பட்ட அன்ட்ரியா டுவோர்க்கின், 1974இல் வெளியிட்ட தமது முதல் நூலிலேயே, பால்மாற்றச் சிகிச்சையை நாடுவோர் அதனைப் பெற உரிமையுடையவர் என்றும் சமூகமே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பிரித்தானியாவிலே கரோல் றிடெல் என்னும் சமூகவியலாளர் 1980இல் சிறு பிரசுரமொன்றின் மூலம் றேமண்டுக்கு விடையளித்தார். ஆகவே பெண்ணிலைவாதத்துக்கும் திருநருக்கும் இயல்பான பகையுண்டு என்ற கூற்றுக்கு வரலாற்று ஆதாரமில்லை. பகை வளர்க்கப்பட்டது, அதனை வளர்த்தவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு.

மறுப்புகளுள் மிகப் பெரியது, தாக்கப்பட்டவரிடமிருந்தே வந்தது. ஒலிவியாவை விட்டுச் சென்ற ஸ்ரோன் பின்னாளிலே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலே டொனா ஹரவேயின் மாணவியானார். பிரபல திரைப்படமொன்றின் பெயரை எதிரொலித்து, ‘பேரரசு திருப்பித் தாக்குகிறது’ என்று தலைப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை 1991இல் அச்சிலே வந்தது. திருநர் பற்றிய கல்வித்துறை ஒன்று தோன்றுவதற்கு அக்கட்டுரையே வித்தாயிற்று. சொந்தப் பகைக்குப் பழிவாங்க எழுதிய கட்டுரையென்று நினைத்து அதனைத் திறப்பவர் ஏமாற்றமடைவர். வைத்தியசாலையைப் பற்றி றேமண்ட் கூறியவற்றுட் பெரும்பகுதியை ஸ்ரோன் மறுக்கவில்லை. அவற்றை இன்னுங் கூர்மையாக்குகிறார்.

அவர் காட்டும் ஓர் உதாரணம் ஒரு நல்ல சிறுகதையின் அங்கதத்துக்குச் சமமானது. வைத்தியர்கள் பென்ஜமினின் நூலை அளவுகோலாகக் கொண்டு விண்ணப்பதாரரைப் பரிசோதித்தனர். வந்தவர்கள் யாவரும் நூலில் உள்ளபடியே தத்தம் வாழ்க்கையை ஒப்புவித்தனர். நூல் எவ்வளவு துல்லியமானது என்று வைத்தியர்கள் வியந்தனர். உண்மை யாதெனில், விண்ணப்பதாரரும் அதே நூலைப் படித்துக்கொண்டுதான் வந்திருந்தனர்! ஸ்ரான்போர்ட் நிலையத்திலே பெண்போல நடந்து பழகப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பரீட்சைத்தாளை முன்கூட்டியே படித்துவிட்ட மாணவனைப்போல, சொந்த வாழ்வை மறைத்து, எதிர்பார்க்கப்பட்ட வாழ்வை ஒப்புவிக்கவேண்டிய நிலைக்கு மனிதர் தள்ளப்பட்டனர். பின்னர் தம் கடந்தகாலத்தையே அழித்துவிட்டு, எவருக்குந் தெரியாமல் சமூகத்திலே மறைந்து வாழும்படி அறிவுறுத்தப்பட்டனர்.

றேமண்ட் அதே சான்றுகளிலிருந்து, ‘இவர்கள் பழைய அச்சுகளின் தூதுவர்கள்’ என்று முடிவுகட்டினார். ஸ்ரோனோ, ‘இவர்கள் அச்சுகளுக்குள் திணிக்கப்பட்டவர்கள், மறைந்து வாழ்வதை விட்டுத் தம் முழு வரலாற்றையும் வாய்திறந்து பேசத் தொடங்கினால் அச்சுகள் உடையும்’ என்ற கருத்துக்கு வந்தார். வாயில்லாதவரென நினைக்கப்பட்டவர் வாய்திறக்கும்போது சமூகத்தின் மறைந்திருந்த இயக்கம் வெளிப்படுகிறது. நமது இலக்கியத்திலே ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே பேனா பிடிக்கத் தொடங்கியபோது நிகழ்ந்ததும் இதுவன்றோ?

ஆனால் ஸ்ரோனின் கட்டுரையையும் நாம் முற்றாக ஏற்றுக்கொள்ள முடியாது. அவர் உடலை ஒரு பிரதியாகக் கொண்டு வாசிக்கப் புறப்படுகிறார். எண்பதுகளின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே செல்வாக்குப் பெற்றிருந்த அந்தப் பாஷை, மொழியின் விளையாட்டிலே பொருளுலகை மறந்துவிடும் ஆபத்தைக் கொண்டது. உடலுக்குப் பசிக்கிறது, உடல் நோய்வாய்ப்படுகிறது, சிகிச்சைக்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்தை உழைக்க வேலை வேண்டும். அமெரிக்காவின் மருத்துவக் காப்புறுதித் திட்டமான மெடிகெயார் எண்பதுகளில் இச்சிகிச்சையைத் தன் பொறுப்பிலிருந்து விலக்கியது. 2014இலேதான் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்திலே வசதியுள்ளவர் தனியார் வைத்தியரை நாடினர். வசதியற்றவர் என்ன செய்தனர்? இந்த வினாவை றேமண்டும் கேட்கவில்லை. ஸ்ரோனும் போதியளவு கேட்கவில்லை. ஒருவர் பிறப்பிலே நின்றுவிட்டார். மற்றவர் பிரதியிலே நின்றுவிட்டார். உழைப்பும் ஊதியமும் இருவர் பார்வையிலும் மங்கியே தெரிகின்றன.

இனி, இந்தச் சர்ச்சையின் மிகக் கடினமான களத்துக்கு வருவோம். கனடாவின் வன்கூவர் நகரிலே 1973இல் தோன்றிய பாலியல் வன்முறை நிவாரண நிலையம் அந்நாட்டின் மிகப் பழைய நிலையங்களுள் ஒன்று. 1995இல் திருநங்கை ஒருவர் அங்கே தொண்டராகப் பயிற்சி பெறச் சென்றார். அவரே தம் துணைவனின் வன்முறைக்கு ஆளாகி, வேறொரு பெண்கள் ஸ்தாபனத்தின் உதவியால் மீண்டவர். பெற்ற உதவியைப் பிறருக்குத் திருப்பிச் செய்ய எண்ணியவர். பயிற்சியின் முதல் நாள் மாலையே, பிறந்தது முதற் பெண்ணாக வாழ்ந்தவரல்லர் என்ற காரணத்தால் அவர் வெளியேற்றப்பட்டார். 2002இல் மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம் அவருக்கு 7,500 டொலர் நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. அடுத்த ஆண்டிலே உயர்மன்றம் அதனைத் தள்ளிவிட்டது. 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒரு குறித்த குழுவின் நலனுக்கென இயங்கும் ஸ்தாபனம் அக்குழுவினருக்கு முதலிடம் வழங்கச் சட்டம் இடந்தருகிறது என்று நிலையத்தின் பக்கம் தீர்த்தது. 2007இல் கனடிய உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது.

இதில் யார் பக்கம் நியாயம்? எளிய விடை கூறுவோரை நாம் நம்பத் தயாரில்லை. ஆணின் வன்முறையால் நொறுங்கி நள்ளிரவிலே கதவைத் தட்டும் பெண்ணுக்கு, தன் முன்னே அமர்ந்திருப்பவர் யார் என்பதிலே அச்சமோ தயக்கமோ இருந்தால், அதனைப் பிற்போக்கு எண்ணமென்று பட்டஞ்சூட்டிப் புறக்கணிக்க எவருக்கும் உரிமையில்லை. எடின்பரோ நகரிலே இதுவே நிகழ்ந்தது. ஆதரவு நாடி வந்த பெண்ணொருவர் தம்மோடு பேசப்போகிறவர் பெண்ணா என்று அறிய விரும்பியபோது, அதற்கு நேரிய விடையளிக்கவேண்டும் என்று கருதிய ஊழியை ஒருவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானார். அவர் வேலையை விட்டு விலகும் நிலைக்கு அநீதியாகத் தள்ளப்பட்டார் என்று 2024இல் தொழில் தீர்ப்பாயம் கண்டது. துன்புற்றவளின் வினாவையே குற்றமாக்கும் நிலையம் தன் நோக்கத்தை மறந்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.

ஆனால் வன்கூவரின் கதவுக்கு வெளியே நின்றவரும் துன்புற்றவரே என்பதை மறக்கலாகாது. அவர் கேட்டது பாதிக்கப்பட்ட பெண்ணின் படுக்கையறையிலே இடமன்று. பயிற்சி வகுப்பிலே ஓர் ஆசனம். துன்புற்ற பெண் தனக்கு ஆதரவளிப்பவரைத் தேர்ந்துகொள்வது ஒன்று. ஒரு மனிதரைத் தொண்டுக்கே தகுதியற்றவரென முதல் மாலையிலேயே வெளியேற்றுவது வேறொன்று. முன்னதைப் பாதுகாப்பதற்குப் பின்னது தேவையில்லை. தொலைபேசிக்குப் பதிலளிக்கவும், நிதி திரட்டவும், நீதிமன்றத்துக்குத் துணைபோகவும் கைகள் போதாத ஸ்தாபனம், வந்த கைகளைத் திருப்பியனுப்பியது. நீதிமன்றம் அந்த நிலையத்துக்கு விலக்கும் உரிமை உண்டு என்று கூறியது. உரிமை இருப்பதனால் மாத்திரம் ஒரு செயல் அறிவுடைமை ஆகிவிடாது.

இதே அளவுகோலை மறுதரப்புக்கும் பிரயோகித்தல் வேண்டும். 2019இல் வன்கூவர் நகரசபை, நிலையத்தின் பொதுமக்கட் கல்விப் பணிக்கென ஆண்டுதோறும் வழங்கிவந்த ஏறத்தாழ 34,000 டொலரை, கொள்கையை மாற்றாதவரை மேற்கொண்டு வழங்குவதில்லை எனத் தீர்மானித்தது. திருநர் உரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று சிலர் மகிழ்ந்தனர். அப்பணம் நிற்பதால் எந்தத் திருநங்கைக்கு ஓர் அடைக்கல வீடு கிடைத்துவிட்டது? அன்றி, 2022 டிசம்பரிலே, ஹரி பொட்டர் கதைகளின் ஆசிரியையான ஜே. கே. றோலிங் தமது செல்வத்தைக் கொண்டு எடின்பரோவிலே பிறப்பாற் பெண்ணானவர்க்கென ஆதரவு நிலையமொன்றைத் திறந்ததை மறுதரப்பினர் கொண்டாடினர். அங்கே உதவி பெறும் பெண்களுக்கு அது நன்மையே. ஆனால், துன்புற்ற பெண்ணின் பாதுகாப்பு ஒரு தனிச் செல்வரின் மனவிருப்பத்திலே தங்கியிருக்கும் நிலையை முற்போக்காளர் எவ்வாறு கொண்டாட முடியும்? இரண்டு இடங்களிலும் அரசு தன் கடமையிலிருந்து நழுவியதை எவரும் பார்க்கவில்லை. வேண்டிய அளவு அடைக்கல வீடுகளும் பயிற்சிபெற்ற உளவளத்துணையாளரும் இருப்பின், தனித்த ஏற்பாடு வேண்டுவோர்க்குத் தனித்த ஏற்பாடும், யாவரையும் ஏற்கும் இல்லமும் அருகருகே இயங்க முடியும். ஒரே ஒரு பாயை விரித்துவிட்டு, அதில் யார் படுப்பது என்று இரு ஏழைகளைச் சண்டையிட வைப்பது ஆள்வோரின் பழைய தந்திரம்.

சட்டத்தின் கதையும் இப்படியானதே. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002இல் வழங்கிய தீர்ப்பையடுத்து, 2004இல் பிரித்தானியா பால்நிலை அங்கீகாரச் சட்டத்தை இயற்றியது. வைத்தியரின் நிர்ணயமும், ஈராண்டுக்கால வாழ்வுக்குச் சான்றும் காட்டியே ஒருவர் அங்கீகாரம் பெறமுடியும் என்றிருந்தது. வைத்திய நிர்ணயத்தை நீக்கி, வயதெல்லையைப் பதினாறாகக் குறைக்கும் மசோதாவை ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் 2022 டிசம்பரில் 86க்கு 39 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. அடுத்த மாதமே லண்டன் அரசாங்கம் தன் மேலதிகாரத்தைப் பயன்படுத்தி அதனைத் தடுத்து நிறுத்தியது. இன்னொரு பக்கத்திலே, பொதுச் சபைகளிற் பெண்கள் பாதியளவினராய் அமர வேண்டுமென்ற 2018ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கிளைத்த வழக்கு, நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட தீர்ப்பிலே முடிந்தது.

அத்தீர்ப்பை வாசிக்கையிலே, ஒரு தரப்பின் வெற்றியாக அதனைக் கொள்ளவேண்டாம் என்று நீதியரசர் எச்சரித்தார். பால்மாற்றம் காரணமாகப் பாரபட்சம் காட்டப்படுவதற்கு எதிரான பாதுகாப்புத் திருநருக்குத் தொடர்ந்தும் உண்டு என்றும் கூறினார். வாயிலின் வெளியே போத்தல் திறந்து கொண்டாடியவர்களும், அடுத்தடுத்த நாட்களிலே ஆத்திரத்தோடு ஊர்வலம் போனவர்களும் அந்த வரியை நிதானமாகப் படித்தார்களா என்பது ஐயமே. நீதிமன்றம் ஒரு சட்டத்திலுள்ள சொல்லுக்கு விளக்கங் கூறமுடியும். ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்வது என்று அது கற்பிக்க முடியாது. சொல்லின் எல்லையை அறுதியிட்ட பின்னரும், அடைக்கல வீட்டிலே எத்தனை கட்டில்கள் என்ற கணக்கு மாறாமலே இருக்கிறது.

ஈழத்திலே வாழும் நமக்கு இந்தச் சர்ச்சை அந்நிய நாட்டுப் புதினமன்று. இலங்கையிலே 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற வழிவகுத்தது. அந்தச் சான்றிதழுக்கும் வாயில் வைத்தியரின் மேசையே. ஆகவே எழுபதுகளின் அமெரிக்க வைத்தியசாலைகளைப் பற்றி றேமண்டும் ஸ்ரோனும் எழுப்பிய வினா, அஃதாவது ஒரு மனிதரின் வாழ்வை எந்த அளவுகோலால், யார், எந்த அதிகாரத்தோடு அளப்பது என்ற வினா, நம் நாட்டுக்கும் உரியதே. நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அதனை இங்குள்ள மனிதரிடமிருந்தே கேட்டறிதல் வேண்டும். மேனாட்டார் இரு அணிகளாய்ப் பிரிந்து வீசிய வசைச்சொற்களை அப்படியே இறக்குமதி செய்து நம்மிடையேயும் இரு அணிகளை உண்டாக்குவது அறிவுடைமையாகாது.

றேமண்டின் நூலுக்கு நாம் கூறும் முடிவு இதுதான். வைத்தியத்துறையின் அதிகாரத்தைத் தோலுரித்த வகையில் அது படிக்கத்தக்க நூல். அந்த அதிகாரத்துக்கு இரையானவர்களையே பகைவராக்கிய வகையில் அது தன் சொந்த வெளிச்சத்தைத் தானே அணைத்துக்கொண்ட நூல். பெண்கள் தமக்கெனக் கட்டிய இல்லங்கள் சுலபமாகக் கிடைத்தவையல்ல. அவற்றின் கதவு எவ்வேளையில் எவருக்குத் திறப்பது என்பதை அங்கே உழைப்பவர்களும் அங்கே உதவி நாடி வருபவர்களும் கூடித் தீர்மானிக்கட்டும். அதனை ஆராயும்போது பாதிக்கப்பட்ட பெண்ணின் குரலும் கேட்கவேண்டும். வெளியேற்றப்பட்ட திருநங்கையின் குரலும் கேட்கவேண்டும். இரண்டையுங் கேட்டபின் இருவரும் சேர்ந்து நகரசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சென்று, இன்னும் எத்தனை இல்லங்கள் கட்டித் தரப்போகிறீர்கள் என்று கேட்பார்களாயின், அதுவே இந்த நெடிய சர்ச்சையிலிருந்து விளையக்கூடிய உருப்படியான பயனாகும்.